இரண்டு நானூற்றுப் பதினேழு

அந்தக் கட்டடத்தில் அவருக்கு 'ஸ்வெட்டர்' என்று பெயர். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். இவர் முழுக்கை ஸ்வெட்டரோடு கீழ்த்தளத்திலிருந்து ஏறி வருவார். வாசலில் புதிதாகச் சேரும் காவல்காரர் ஒவ்வொருவரும் ஒருமுறை காய்ச்சலா என்று விசாரிப்பார்கள். காய்ச்சலும் இல்லை, மண்ணும் இல்லை. ரெக்கார்டு கம்பெனியின் டேப்புகள் இருக்கும் குளிரறைக்கு அவர் பொறுப்பாளர். முப்பத்தேழு வருடமாக அந்தக் குளிரில்தான் குப்பை கொட்டுகிறார்.

டேப் என்பது பாட்டின் தாய். பாடகர் ஸ்டூடியோவில் நின்று பாடுவது முதலில் விழுவது அந்தப் பழுப்பு நாடாவில். அதை வைத்து உலோக அச்சு, அச்சை வைத்து ரெக்கார்டு, பிறகு கேசட், பிறகு சிடி, இப்போது போனில் கேட்பது வரைக்கும் எல்லாமே அது பெற்ற பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். ரெக்கார்டு கம்பெனி எதற்கு இருக்கிறது என்று கேட்டால் பாட்டு விற்க என்பார்கள். நம்பாதீர்கள். தாயைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் இருக்கிறது. பாடுகிறவர்களுக்கு வயதாகும், தொண்டை கட்டும், ஒருநாள் போய்ச் சேருவார்கள். டேப்பை வைத்திருப்பவன் மட்டும் நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமல் சாப்பிடுவான்.

ஸ்வெட்டர் வேலைக்குச் சேர்ந்தபோது வாசலில் புறா படம் போட்ட பலகை இருந்தது. ரெக்கார்டின் நடுவில் ஒட்டும் வட்டத் தாளிலும் அதே புறா. ஊரில் எல்லாரும் புறா கம்பெனி என்பார்கள். இரண்டு வருடம் கழித்து முதலாளி, கஷ்டத்தில் இருந்த ஒரு சின்ன கம்பெனியை வாங்கினார். அவர்களுடைய தாளில் விளக்கு படம். அதற்குப் பிறகு வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வந்து புறாவையும் விளக்கையும் சேர்த்து விழுங்கியது. அதை இன்னும் பெரியது ஒன்று விழுங்கியது. மூன்று முறை பலகை மாறியது, நாலு முறை வரவேற்பறைச் சுவருக்கு வண்ணம் மாறியது. கீழே அறை மட்டும் மாறவில்லை. புதிதாக வாங்குகிற ஒவ்வொருவரும் முதல் வாரம் கீழே இறங்கி வந்து, அலமாரிகளைத் தலையிலிருந்து கால்வரை பார்ப்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டுக் கூரையைப் பார்ப்பதுபோல.

இந்த வருடம் வந்தவர்கள் மேலிருந்து ஆரம்பித்தார்கள். நாலாவது மாடியில் இருந்தவர்களை ஒரு திங்கட்கிழமை வேலையைவிட்டு அனுப்பினார்கள். மூன்றாவது மாடிக்காரர்களை அடுத்த மாதம். ஸ்வெட்டர் லிஃப்டில் போகும்போது கதவு திறக்கிற இடமெல்லாம் வெறும் மேசைகளும் சுவரில் தொங்கும் ஒயர்களும் தெரிந்தன. எப்போது தன் தளம் வரும் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கம்பெனி வக்கீல் தானாகவே கீழே இறங்கி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். சிரித்த முகம். மெல்லிய சட்டை.

"நானூத்திப் பதினேழு எங்க சார் இருக்கு?"

 ஸ்வெட்டரின் கை தானாக நீண்டு மூன்றாவது அலமாரியைக் காட்டியது. வக்கீல் பெட்டியைத் தொடவில்லை. பக்கத்தில் போய், கண்ணாடியை ஏற்றிவிட்டு, முதுகில் எழுதியிருந்த எண்ணைப் படித்தார். நீல மையில் 417.

"நல்லா பாத்துக்கிறீங்க," என்றார். அதற்குள் குளிரில் உதடு நடுங்க ஆரம்பித்துவிட்டது. "நாளைக்கு வரேன் சார். உக்காந்து பேசணும்."

மறுநாள் வந்தார். புது ஸ்வெட்டர் போட்டிருந்தார்; கழுத்தோரம் கடைச்சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும்தான் ஸ்வெட்டருக்கு நிஜமாகப் பயம் வந்தது. இந்த ஆள் சீக்கிரம் மேலே போகப் போவதில்லை.

வக்கீல் பழைய ஒப்பந்தத்தை மேசையில் விரித்தார். நானூற்றுப் பதினேழில் இருப்பவை எட்டுப் பாட்டுகள். பாடியவர் அப்போது இருபத்திரண்டு வயதுப் பெண். அதற்குமேல் அவர் பாடவில்லை. ஆனால் அந்த எட்டும் இன்றுவரை ஓயாமல் விற்கின்றன. புறா முதலாளி அந்தக் காலத்திலேயே எமகாதகர். ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வைத்திருந்தார்: முப்பத்தைந்து வருடம் கழித்து அசல் டேப் கம்பெனியிடம் இருந்தால், டேப்பும் பாட்டுகளின் உரிமையும் பாடியவருக்குத் திரும்பும். அதற்குள் அசல் அழிந்துபோயிருந்தால் உரிமை என்றென்றைக்கும் கம்பெனிக்கே. அது அசல்தான் என்று டேப் பொறுப்பாளர் எழுதித் தர வேண்டும், பாடியவர் கேட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த வெள்ளிக்கிழமையோடு முப்பத்தைந்து முடிகிறது.

"போன மாசம் நம்ம இன்ஜினியர் இந்த டேப்பை கம்ப்யூட்டர்ல ஏத்தினாரு," என்றார் வக்கீல். "மூணாவது பாட்டுல ஒரு டிக் சத்தம் வருதாம். ஊசி நடக்குற சத்தமும் இருக்காம். டேப்புல ஊசி எப்படி சார் நடக்கும்?"

ஸ்வெட்டருக்குத் தெரியும். முப்பத்தினாலு வருடமாகத் தெரியும்.

நடந்தது இதுதான். விளக்கு கம்பெனியை வாங்கியதும் அவர்களுடைய பெட்டிகள் லாரியில் வந்து இறங்கின. அவர்களும் ஒன்றிலிருந்து எண் போட்டிருந்தார்கள், புறாவும் ஒன்றிலிருந்து. எல்லா எண்ணும் இரண்டிரண்டு. ஸ்வெட்டர் ஒரு வழி கண்டுபிடித்தார்: புறாவுக்கு நீல மை, விளக்குக்குச் சிவப்பு மை. முதலாளிகூட முதுகில் தட்டினார். அந்த வருடம் வெளியிலிருந்து புது டேப் வருவது நின்றுபோனது. விற்காத ரெக்கார்டுகளின் டேப்பை அழித்து மறுபடி பயன்படுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. எதையெல்லாம் அழிக்கலாம் என்று விற்பனைப் பிரிவு இரண்டு மையிலும் கவனமாகப் பட்டியல் எழுதியது. பிறகு அசலைத் தாங்கள் வைத்துக்கொண்டு, கீழே கார்பன் பிரதியை அனுப்பியது. கார்பனுக்குச் சிவப்பு தெரியுமா, நீலம் தெரியுமா? எல்லா எண்ணும் நீலமாகவே வந்து சேர்ந்தது.

இருபத்தைந்து வயது ஸ்வெட்டர், நீல நானூற்றுப் பதினேழை எடுத்து, டேப்பை அழிக்கும் காந்த மெஷினில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். அரை நிமிட வேலை. சாயங்காலம் சிவப்பு நானூற்றுப் பதினேழு, ஒருவரும் வாங்காத ஏதோ நாடக வசனம், அலமாரியில் அலுங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோதுதான் அழித்தது எதை என்று புரிந்தது.

சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்கும், அவ்வளவுதான். ஆனால் உலோக அச்சு தொழிற்சாலையில் பத்திரமாக இருந்தது, ரெக்கார்டு அச்சாகிக்கொண்டே இருந்தது, டேப்பை யாரும் கேட்கவில்லை. ஸ்வெட்டர் கடையில் புது ரெக்கார்டு ஒன்று வாங்கினார். மறுநாள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அதைச் சுழலவிட்டு, வேறொரு டேப்பில் பதிந்து, அதே பெட்டியில் போட்டு மூடினார். மூன்றாவது பாட்டில் ஏதோ தூசி; டிக் என்றது. திரும்பப் பதிய நேரமில்லை. கேசட்டும் சிடியும் பிறகு வந்ததெல்லாம் அந்தப் பெட்டியிலிருந்துதான். மூத்த பிள்ளை தாயாகிவிட்டது. ஒவ்வொரு அட்டையிலும் 'அசல் டேப்பிலிருந்து' என்று தங்க எழுத்தில் போட்டிருக்கும். கடையில் அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்.

"உங்க மேல தப்பே இல்ல சார்," என்றார் வக்கீல். இரண்டு தாள்களை எடுத்து வைத்தார். "அழிக்கச் சொன்னது பழைய முதலாளி. அவரும் இப்ப உயிரோட இல்ல. டேப் அழிஞ்சு போச்சு, இதுல இருக்குறது நகல்னு முதல் தாள் சொல்லுது. கையெழுத்துப் போட்டீங்கன்னா மாலை மரியாதையோட ஓய்வு. ரெண்டாவது தாள், இதுதான் அசல்னு. அதுல போட்டு, பின்னாடி பொய்னு தெரிஞ்சா கேஸ் உங்க மேல. கம்பெனி பக்கத்துல நிக்காது. இந்த வயசுல உங்களுக்கு அது வேணுமா? எனக்கே சங்கடமா இருக்கு."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. கம்பெனியே ஏன் இதைச் சோதனைக்கு அனுப்பி அம்பலப்படுத்தவில்லை என்பது ஸ்வெட்டருக்கு உடனே புரிந்தது. முப்பது வருடம் தங்க எழுத்தில் விற்ற பொய்க்கு யார் பதில் சொல்வது? குற்றம் ஒரு கிழவனின் வாயிலிருந்து, தானாக, வருத்தத்தோடு வர வேண்டும்.

"பாடினவங்களுக்கு?" என்று கேட்டார் ஸ்வெட்டர்.

"இத்தனை வருஷம் அவங்ககிட்ட என்ன இருந்துச்சோ, அதேதான் இனிமேலும்."

அவர் பயந்து பயந்து வாழ்ந்தது உண்மை வெளிவந்துவிடுமே என்றுதான். இப்போது அந்த உண்மையைத் தட்டில் வைத்துக் கொடுங்கள் என்கிறார்கள். கொடுத்தால் இவர் தப்பிப்பார். தன் பாட்டு எங்கே என்று அந்தம்மா சாகும்வரை கேட்க முடியாது. இருதலைக் கொள்ளி எறும்பு என்று மற்றவர்களைப் பற்றிச் சொல்லும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

வியாழக்கிழமை காலையில் மனைவியிடம் சொன்னார். மனைவி தொலைபேசி நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் ஊரார் பேச்சைக் கேட்டு ஓய்வுபெற்றவர். எதையும் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டு முடித்தார். காபி ஆறிப்போயிருந்தது.

"முழுப் பூசணிக்காயை இத்தனை வருஷம் எந்தச் சோத்துலங்க மறைச்சீங்க? வீட்டுல சமைக்கிறது நான்தானே."

"வெளையாடாத."

"நான் எங்க வெளையாடறேன். இப்ப யாருக்குப் பயப்படுறீங்க, வக்கீலுக்கா, அந்தம்மாவுக்கா?"

அவர் யோசித்தார். "வக்கீலுக்குத்தான் பயப்படறேன். அந்தம்மாவை நெனச்சா வெக்கமா இருக்கு."

"அப்ப வெக்கத்துக்கு வழி பண்ணுங்க. பயத்தை நாம ரெண்டு பேருமா பாத்துக்கலாம். மக வீட்டுல ஒரு ரூம் சும்மாத்தானே கெடக்கு." சொல்லிவிட்டு ஆறிய காபியைச் சூடுபண்ண எழுந்து போனார். 

வெள்ளிக்கிழமை பதினொரு மணி. இரண்டாவது மாடியில் பாட்டுக் கேட்கும் அறை. சுவரெல்லாம் துணி ஒட்டி, பேசினால் சத்தம் அங்கேயே அமுங்கிவிடும். பாடகி தனியாக வந்திருந்தார். குட்டையாக வெட்டிய நரைத்த முடி, கையில் துணிப்பை. எட்டுப் பாட்டில் கேட்ட அந்தக் குரலை, "உக்காரலாமா?" என்று பாடகி கேட்டபோது ஸ்வெட்டர் தேடினார். அடியில் எங்கேயோ இருந்தது.

வக்கீல் இரண்டு தாள்களையும் பேனாவையும் ஸ்வெட்டர் முன்னால் வைத்தார். முதல் தாளைக் கொஞ்சம் அவர் பக்கமாக நகர்த்தியும் வைத்தார். ஸ்வெட்டர் இரண்டாவதை எடுத்தார். இதுவே அசல் டேப் என்று நான் உறுதி கூறுகிறேன். படித்தார், கையெழுத்துப் போட்டார். வாழ்க்கையிலேயே தெளிவான கையெழுத்து அதுதான்.

வக்கீலின் சிரிப்பு போகவில்லை. அப்படியே முகத்தில் நின்றது. "சரி," என்றார். "மேடம், நீங்க முழுசா கேட்டுட்டே ஒப்புக்கோங்க. அவசரமே இல்ல. உங்க குரல், உங்களுக்குத் தெரியாததா? ஏதாவது வித்தியாசமா பட்டா சொல்லிடுங்க. அப்ப சாரோட கையெழுத்தைப் பத்தி நாங்க தனியா பேசிக்கிறோம்."

ஸ்வெட்டரே மெஷினை ஓட்டினார். முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு. பாடகி கண்ணை மூடியிருந்தார். மூன்றாவதில் டிக் என்றது. வக்கீல் பாடகியின் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் அசையவில்லை. ஸ்வெட்டர் சுழலும் நாடாவையே பார்த்தார்.  நாலு, ஐந்து, ஆறு, ஏழு. எட்டாவது பாட்டு வந்ததும் பாடகி கண்ணைத் திறந்து, நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

பாட்டு முடிவை நோக்கிப் போனது. குரல் மெல்லத் தேய்ந்தது, இன்னும் தேய்ந்தது, பிறகு இல்லை.

அந்த நொடியில்தான் ஸ்வெட்டருக்கு உறைத்தது. பாட்டு தேய்ந்து மறைவது ரெக்கார்டில்தான். அச்சு வெட்டும்போது ஒருவர் குமிழைத் திருப்பிச் சத்தத்தைத் தேய்ப்பார். அசல் டேப்பில் பாட்டு அப்படித் தேயாது; கடைசி அடி வரைக்கும் முழுச் சத்தத்தில் பாடி, நின்று, அதற்குப் பிறகும் அறைச் சத்தம் கொஞ்சம் ஓடும். டேப்போடு குடும்பம் நடத்திய மனிதருக்கு இத்தனை வருடத்தில் இது ஒருதரம்கூட நினைவுக்கு வரவில்லை. டிக் சத்தத்துக்குப் பயந்துகொண்டே இருந்ததில் வீட்டுக் கதவு திறந்து கிடந்ததைப் பார்க்கவில்லை. வக்கீலுக்கு இது தெரியாது. பாடியவருக்குத் தெரியும்.

பாடகி கையை உயர்த்தினார். "நிறுத்தாதீங்க. ஓடட்டும்."

டேப் ஓடியது. ஒன்றும் இல்லை. நாடா தீர்ந்து, நுனி பட் பட் என்று அடித்துக்கொண்டு சுற்றியது. பாடகி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் திருப்பி ஸ்வெட்டரைப் பார்த்தார். அவர் குனிந்துகொண்டார்.

"மேடம்?" வக்கீல் முன்னால் சாய்ந்தார். "மூணாவது பாட்டுல ஒரு சத்தம் கேட்டுச்சே. டிக்குனு. கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன். என் வளையல்," என்றார் பாடகி. "அப்பல்லாம் கை நிறைய போட்டுக்கிட்டு மைக்ல இடிப்பேன். திட்டு வாங்குவேன். எங்க போடணும் கையெழுத்து?"

வக்கீல் தாளைக் கொடுக்க நேரம் எடுத்துக்கொண்டார். கொடுத்தார். பாடகி கையெழுத்துப் போட்டார். எட்டுப் பாட்டும் அந்த நிமிடம் கம்பெனியை விட்டுப் போயின. வக்கீல் பேனாவை மூடி, ஸ்வெட்டரைப் பார்த்து, "திங்கக்கிழமை என் ரூமுக்கு வாங்க சார், கொஞ்சம் பேசலாம்," என்றார். குரலில் கோபமே இல்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்வெட்டர் பாடகியோடு கார் நிற்கும் இடம்வரை நடந்தார். வெயில் முகத்தில் அடித்தது.  காருக்குப் பக்கத்தில் ஸ்வெட்டரே சொல்லிவிட்டார்.

"என் கையாலதாம்மா அழிச்சேன். தெரியாம. அதுக்கப்புறம் தெரிஞ்சே மறைச்சேன். மன்னிப்புக் கேக்கறதுக்கும் எனக்கு வாயில்ல."

பாடகி தலையாட்டினார். "பாட்டை இவங்ககிட்ட விட்டுட்டுப் போக மனசு வரலை. அதான் உள்ள நானும் பொய் சொன்னேன். ஆனா நான் வந்தது பாட்டுக்கு இல்ல சார்."

துணிப்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"அன்னிக்கு ட்ரம் வாசிச்சது என் தம்பி. எட்டாவது பாட்டு முடிஞ்சதும் எழுந்து மைக் பக்கத்துல வந்து ஏதோ சொன்னான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். டேப் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு மாசத்துல ஆள் போயிட்டான். என்ன சொன்னான்னு எத்தனையோ தடவை யோசிச்சிட்டேன், ஞாபகமே வரலை. பத்து தடவை கம்பெனிக்கு எழுதினேன், டேப்பைக் கேக்க விட மாட்டோம்னாங்க. சரி, எங்கயும் போயிடாது, முப்பத்தஞ்சு வருஷம்தானேன்னு இருந்தேன்."

 ஒரு பெட்டி, ஒரு எண், ஒரு பயம் என்று மட்டுமே ஸ்வெட்டர் இத்தனை காலம் நினைத்திருந்தார். அதற்குள் ஒரு பையன் பேசிக்கொண்டிருந்தான் என்பது தெரியாது.

பாடகி திடீரென்று நிமிர்ந்தார். "புது டேப் வந்தா நீங்க கடைசி வரைக்கும் ஓட்டிப் பாத்துத்தானே அலமாரியில வைப்பீங்க? அப்ப கேட்டிருப்பீங்களே. என்ன சொன்னான் சார்?"

அதுதான் விதி. புது டேப்பை நுனிவரை ஓட்டிப் பார்த்துத்தான் பதிய வேண்டும். அன்று ஏழாவது பாட்டோடு நிறுத்திவிட்டு அவர் சாப்பிடப் போனார். பசி. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் அந்த முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்தபோது, அதை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப அவரால் முடியவில்லை. இரக்கம்தான். வேறொன்றும் இல்லை.

"கேட்டேம்மா," என்றார். "'அக்கா, உன்ன மாதிரி இனிமே எவளும் பாட முடியாது'ன்னு சொன்னாரு."

பாடகியின் முகம் மலர்ந்தது. ஒரு நொடி இருபத்திரண்டு வயதாகக்கூடத் தெரிந்தது. பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"அவன் ஒரு நாளும் என்னை அக்கான்னு கூப்பிட்டதில்ல சார்," என்றார். "பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவான். அதுக்காக அம்மாகிட்ட அடிகூட வாங்கியிருக்கான்."

ஸ்வெட்டரின் கையிலிருந்து பெட்டியை வாங்கிப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு, பாடகி கார் கதவைச் சாத்திக்கொண்டார்.